பொட்டிக்கு எதுக்குங்க காத்து?

கப்பலில் போக வேண்டிய சரக்கு விமானத்தில் போகிறது என்றால் திருப்பூரில் யாருக்கும் விளக்கம் தேவையில்லை. லாபம் போச்சு, அவ்வளவுதான். அந்த சீசனில் எங்களுக்கு அப்படி ஒன்று நடந்தது. ரோம்பர் என்கிற குழந்தை உடுப்பு, பிரிண்டிங்கில் பத்து நாள் தாமதம், கடைசியில் மொத்தச் சரக்கையும் சென்னை கொண்டுபோய் சரக்கு விமானத்தில் ஏற்றினோம். கைக்காசு போட்டு அனுப்பிய சரக்கு நல்லபடியாகவாவது சேர்ந்திருக்கலாம். நாலாவது நாள் சரக்கை வாங்கும் பையரிடமிருந்து மெயில் வந்தது, கூடவே ஏழெட்டுப் போட்டோ. பெட்டியின் மேல் டேப் நடுவில் பிளந்திருந்தது. பக்கவாட்டு அட்டை கர்ப்பிணி வயிறு மாதிரிப் புடைத்திருந்தது. உள்ளே பார்த்தால் அதற்கு நேர்மாறு: பாலிபேக் ஒவ்வொன்றும் துணியோடு தோல் போல ஒட்டிக் கிடந்தது, துணி கசங்கியிருந்தது. பெட்டி புடைத்திருக்கிறது, உள்ளே இருப்பது ஒடுங்கியிருக்கிறது. இது என்ன கணக்கு?

சரக்கை ஏற்றி அனுப்பும் ஃபார்வர்டர் ஆபீஸில் இருந்த பையன் போனிலேயே தீர்ப்புச் சொல்லிவிட்டான். "சார், கார்கோ ஃபிளைட்ல பைலட் ரூம்ல மட்டும்தான் பிரஷர் இருக்கும். பின்னாடி ஒண்ணும் கிடையாது. அதான் பெட்டி உப்பிருக்கு." நான் அப்படியே நம்பினேன். நம்பாமல் என்ன, எனக்கும் மனதுக்குள் அதுதான் இருந்தது. ஆள் உட்காராத இடத்துக்கு எந்தப் புத்திசாலி காற்றை அடைத்துக் கொடுப்பான்? எங்கள் பேக்கிங் செக்‌ஷனை இருபது வருடமாகப் பார்த்துக்கொள்ளும் அண்ணனிடம் போய் அதையே நானும் சொன்னேன். அவர் போட்டோவைக் கொஞ்ச நேரம் உற்றுப் பார்த்துவிட்டுத் தலையாட்டினார். "செரிதானுங்க தம்பி. பொட்டிக்கு எதுக்குங்க காத்து?"

அவர் கேள்வியாகக் கேட்கவில்லை, ஒத்துக்கொண்டுதான் சொன்னார். ஆனால் எதையும் லேசில் ஒத்துக்கொள்ளாத மனிதர் அவர். டேப் அகலம் அரை அங்குலம் குறைந்தால் அரை நாள் வாதாடுவார். அப்படிப்பட்டவர் இதை இவ்வளவு சுளுவாக ஏற்றுக்கொண்டதும் எனக்குத்தான் உறுத்த ஆரம்பித்தது. காற்றே இல்லாத இடம் என்றால், அங்கே போய்வந்த பெட்டி வெறும் டேப் பிளந்ததோடு தப்பித்திருக்குமா?

ஊட்டிக்குப் போன ரோம்பர்

மூன்று வாரம் கழித்துக் குடும்பத்தோடு ஊட்டி போனோம். கிளம்பும்போது பையில் மூன்று பாலிபேக் எடுத்து வைத்துக்கொண்டேன். அதே ஆர்டரில் மிச்சமான ரோம்பர், அதே கவர், பசை மடிப்பை அழுத்தி ஒட்டியது. இரண்டு சும்மா, ஒன்றில் மட்டும் ஊசியால் நாலு குத்து. வீட்டில் இதைப் பார்த்துவிட்டு வந்த வசவுகளை இங்கே எழுத முடியாது.

மேட்டுப்பாளையம் தாண்டும் வரை ஒன்றும் இல்லை. குன்னூரில் டீ குடிக்க நிறுத்தியபோதே சின்னவள் கண்டுபிடித்துவிட்டாள், "அப்பா, இது குண்டாயிருச்சு." ஊட்டியில் மதியம் சாப்பிட உட்கார்ந்தபோது ஒட்டிய இரண்டு கவரும் தலையணை போல இருந்தன. மலையேறும் பஸ்ஸில் சிப்ஸ் பாக்கெட் உப்புவதைப் பார்க்காத தமிழன் இருக்க முடியாது. இதுவும் அதேதான், என்ன, உள்ளே உருளைக்கிழங்குக்குப் பதில் ரோம்பர். குத்திய கவர் மட்டும் அப்படியே கிடந்தது. உப்பிய ஒன்றை உள்ளங்கையில் வைத்து லேசாக அழுத்தினேன். பசை மடிப்பின் மூலையிலிருந்து மெல்லிசாக ஒரு சீற்றம். காற்று கொஞ்சம் வெளியே போனது. அதற்குமேல் தொடாமல் பையில் போட்டுவிட்டேன்.

திரும்பி வரும்போது மேட்டுப்பாளையத்தில், பாக்குத் தோப்பு ஓரம் வண்டியை நிறுத்தி அந்தக் கவரை எடுத்தேன். துணியோடு ஒட்டிக் கிடந்தது. தோல் மாதிரி. போனை எடுத்துப் பையர் அனுப்பிய போட்டோவைப் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். அதே சுருக்கம், அதே மூலை மடிப்பு. மேலே போகும்போது உப்பியிருக்கிறது, உப்பி அட்டையை நெம்பியிருக்கிறது, பசை வழியாகக் காற்றைக் கசியவிட்டிருக்கிறது, கீழே இறங்கியதும் வெளிக்காற்று அதை அமுக்கிவிட்டது. ஆக எங்கள் சரக்கு காற்றில்லாத இடத்துக்கெல்லாம் போகவில்லை. ஊட்டி மாதிரி ஓரிடத்துக்குப் போய்வந்திருக்கிறது.

அன்று ராத்திரி உட்கார்ந்து படித்தபோது நான் சொன்னது அத்தனையும் தப்பு என்று தெரிந்தது. 35,000 அடியில் வெளியே காற்றழுத்தம் கடல்மட்டத்தில் இருப்பதில் கால்பங்குதான். அந்த அழுத்தத்துக்கு எங்கள் கவர் நாலு மடங்கு விரியப் பார்த்திருக்கும், பெட்டி தாங்கியிருக்காது. ஆனால் விமானத்துக்குள் இருக்கும் காற்று எந்நேரமும் 8,000 அடிக்குக் கீழே உள்ள மலை ஒன்றின் காற்றைப் போல இருக்க வேண்டும் என்பது விதி. ஊட்டி 7,350 அடி. தொட்டபெட்டா 8,650 அடி, அதாவது விதியைக் கொஞ்சம் மீறிய மலை. உள்ளழுத்தம் 10,000 அடி அளவுக்கு இறங்கிவிட்டால் பைலட்டுக்கு எச்சரிக்கை ஒலிக்கும். தென்னிந்தியாவில் அந்த உயரத்துக்கு மலையே கிடையாது, ஆனைமுடியும் 8,842 அடியோடு நின்றுவிடுகிறது. முக்கியமான விஷயம் இதுதான்: இந்தக் காற்று பைலட் அறையோடு நிற்பதில்லை. போயிங் 747, 777 போன்ற சரக்கு விமானங்களில் மூக்கிலிருந்து வாலுக்குச் சற்று முன்புவரை, மேல்தளம் கீழ்தளம் எல்லாவற்றிலும் ஒரே அழுத்தம்தான். பயணிகள் விமானத்தின் வயிற்றுப் பகுதியிலும் அப்படியே. நாயை விமானத்தில் அனுப்பப் பயந்துகொண்டிருந்த நண்பனிடம் ஒருமுறை "கீழே காற்று இருக்காதுடா" என்று வேறு சொல்லி வைத்திருந்தேன். மறுநாள் கூப்பிட்டு மன்னிப்புக் கேட்டேன். கீழே பயப்பட வேண்டியது குளிருக்கும் சூட்டுக்கும்தான்.

பாய்லர் ஏன் சதுரமாக இல்லை

சரி, காற்று இருக்கிறது. அப்போதும் அண்ணன் சொன்னது அப்படியே நிற்கிறதே. பெட்டிக்கு எதற்கு? பைலட் அறைக்குப் பின்னால் ஒரு சுவர் வைத்து, அங்கே மட்டும் காற்றை அடைத்தால் செலவு மிச்சம்தானே?

இதற்குப் பதில் எங்கள் அயர்னிங் செக்‌ஷனுக்குப் பின்னாலேயே நின்றுகொண்டிருக்கிறது: நீராவி பாய்லர். அதற்குப் பக்கத்தில் ஏர் கம்ப்ரசர் டேங்க். வீட்டில் கேஸ் சிலிண்டர். அழுத்தத்தை அடைத்து வைக்கும் எதையாவது யாராவது சதுரமாகச் செய்து பார்த்திருக்கிறீர்களா? உருளைக்குள் அழுத்தம் எல்லாப் பக்கமும் சமமாகத் தள்ளும், தகடு வளையாமல் இழுபடும். மெல்லிய தகடே போதும். தட்டையான தகட்டில் அதே அழுத்தம் நடுவைப் பிடித்து வளைக்கும். எவ்வளவு என்று கணக்குப் போட்டுப் பார்த்தேன். உயரத்தில் பறக்கும்போது உள்ளுக்கும் வெளிக்கும் வித்தியாசம் சதுர அங்குலத்துக்கு 8 பவுண்டு அளவில் வருகிறது. கேட்கச் சின்னதாக இருக்கும். ஒரு சதுர மீட்டர், அதாவது எங்கள் கட்டிங் டேபிளில் ஒரு மூலை அளவு, அதன்மேல் ஐந்தரை டன். நன்றாக வளர்ந்த கொம்பன் யானையை விட அதிகம். அப்படி மீட்டருக்கு ஒரு யானை நிற்கிற மாதிரி ஒரு தட்டைச் சுவரோ தரையோ கட்டினால் விமானம் எழும்பாது.

அதனால்தான் உருளை முழுவதையும் நிரப்பிவிடுகிறார்கள். பெட்டி மேல் இரக்கப்பட்டு யாரும் காற்றுக் கொடுக்கவில்லை. கொடுக்காமல் இருப்பதுதான் பெரும் செலவு. காற்றை உள்ளே தேக்குகிற விதமும் நான் நினைத்தது போல இல்லை. பலூன் மாதிரி ஊதி முடிச்சுப் போடுவது கிடையாது. எஞ்சினிலிருந்து எடுத்துக் குளிரவைத்த காற்று ஓயாமல் உள்ளே வந்துகொண்டே இருக்கும், பின்பக்கம் இருக்கும் ஒரு வால்வு வழியாக ஓயாமல் வெளியே போய்க்கொண்டே இருக்கும். குழாயைத் திறந்துவிட்டு, அடியில் ஓட்டையுள்ள தொட்டியில் தண்ணீர் மட்டத்தை நிறுத்துவது மாதிரி. அந்த ஓட்டையைக் கொஞ்சம் திறப்பதும் கொஞ்சம் மூடுவதும்தான் மொத்த வித்தையும்.

பெட்டிகளுக்குக் காற்றே வேண்டாம் என்று முடிவெடுத்த விமானங்களும் உண்டு. நம் விமானப்படையில் ரொம்ப நாள் இருந்த ஏஎன்-12 சரக்கறையில் அழுத்தம் கிடையாது, முன்னால் இருப்பவர்களுக்கு மட்டும்தான். ஏர்பஸ் நிறுவனம் விமான இறக்கைகளைத் தூக்கிச்செல்ல வைத்திருக்கும் பெலுகாவும் அப்படித்தான். 2022 ஜூலையில் எரிபொருள் நிரப்பச் சென்னையில் இறங்கி, திமிங்கலம் வந்துவிட்டது என்று ஊரே போட்டோ எடுத்ததே, அதேதான். அதன் காக்பிட் சரக்குத் தளத்துக்கும் கீழே தாழ்ந்து தனியாக இருக்கும். மேலே இருக்கும் அந்தப் பெரிய மண்டபத்தில் வெளிக்காற்றின் அழுத்தம்தான். 1999-ல் பிரெஞ்சு ஓவியர் டெலக்ரோவாவின் 'மக்களை வழிநடத்தும் சுதந்திரம்' ஓவியத்தைப் பாரிசிலிருந்து டோக்கியோ கொண்டுபோக வேண்டியிருந்தது. கிட்டத்தட்ட 3 மீட்டருக்கு 3.6 மீட்டர், 747-க்குள் நுழையாது. பெலுகாவில்தான் போனது, வழியில் பஹ்ரைனிலும் கல்கத்தாவிலும் இறங்கி. ஆனால் அந்த ஓவியத்துக்கென்று அழுத்தம் அடைத்த தனிப்பெட்டி ஒன்று செய்தார்கள். பெட்டிக்கு எதுக்குங்க காத்து என்றால், இதோ ஒரு பெட்டிக்குத் தேவைப்பட்டிருக்கிறது. அண்ணனிடம் சொன்னபோது, "அது போட்டோவா, கையால வரைஞ்சதுங்களா?" என்று மட்டும் கேட்டார்.

தரையில் போட்ட ஓட்டை

மேலும் கீழும் ஒரே அழுத்தம் என்பதில் ஒரு பொறி இருக்கிறது. இரண்டு பக்கமும் சமமாக இருக்கும் வரை நடுவில் இருக்கும் தட்டைத் தரைக்கு வேலையே இல்லை. ஒரு பக்கம் திடீரென்று காலியானால்?

1972 ஜூன் 12, கனடாவின் விண்ட்சர் நகரத்துக்கு மேலே ஒரு டிசி-10 பயணிகள் விமானம் பறந்துகொண்டிருந்தது. பின்பக்கச் சரக்குக் கதவு சரியாகப் பூட்டாமலே பூட்டிய மாதிரி இருந்திருக்கிறது. நடுவானில் பிய்த்துக்கொண்டு போனது. கீழறையின் காற்று ஒரே மூச்சில் வெளியேறியது. மேலே பயணிகள் அறையில் காற்று அப்படியே இருக்கிறது. நான் சொன்ன யானைகள் எல்லாம் ஒரே நேரத்தில் தரைமேல் ஏறி நின்றன. தரை உள்வாங்கியது. பைலட் வாலையும் எஞ்சினையும் ஆளும் கேபிள்கள் அந்தத் தரைக்கு அடியில்தான் ஓடின. பாதி அறுந்த நிலையிலும் அந்த பைலட் எப்படியோ இறக்கிவிட்டார், விமானத்தில் இருந்த 67 பேரும் பிழைத்தார்கள். கதவைத் திருத்தச் சொல்லிக் கட்டாய உத்தரவு போடாமல், விமானத்தைச் செய்த கம்பெனியும் அமெரிக்க அரசின் விமான அமைப்பும் தங்களுக்குள் பேசி முடித்துக்கொண்டார்கள். 1974 மார்ச் 3, பாரிஸ் ஓர்லியிலிருந்து கிளம்பிய இன்னொரு டிசி-10. அதே கதவு, அதே தரை, அதே கேபிள். எர்மெனோன்வில் காட்டில் 346 பேர். படித்துவிட்டு அன்று தூங்க ரொம்ப நேரமானது. கதவின் கொக்கி பற்றி எல்லோரும் எழுதுகிறார்கள். எனக்கு அந்தத் தரைதான் கண்ணில் நின்றது. வாழ்நாள் முழுக்க அழுத்தமே தாங்க வேண்டியிராத ஒரு தரை.

அப்புறம் செய்த திருத்தங்களில் ஒன்று, தரையில் காற்று போகவர வழி விட்டது. மேலறையும் கீழறையும் சட்டென்று சமமாகிக்கொள்ள வேண்டும், அவ்வளவுதான். பெரிய விமானத்தில் அடுத்த முறை ஏறும்போது சன்னலோர சீட்டில் உங்கள் காலடியைப் பாருங்கள். சுவரும் தரையும் சேரும் இடத்தில் கிராதி போட்ட தட்டி ஒன்று இருக்கும். செருப்பை அதன் மேல் இடித்துக்கொண்டு எத்தனை தடவை போயிருக்கிறேன். ஊசியால் நாலு குத்துக் குத்திய என் பாலிபேக்குக்கும் அதற்கும் வித்தியாசம் அளவில்தான்.

காற்றை விட்டுவிடு என்றால்

இத்தோடு முடித்திருக்கலாம். பையருக்குப் பதில் எழுதியாயிற்று, கவரில் ஓட்டை போடுவதாக ஒத்துக்கொண்டாயிற்று. ஆனால் படித்துக்கொண்டே போனதில் ஒரு விஷயம் தட்டுப்பட்டு அதை விட முடியவில்லை. பெரிய சரக்கு விமானத்தின் மேல்தளத்தில் தீப்பிடித்தால் அணைக்க என்ன வைத்திருப்பார்கள்? பயணிகள் விமானத்தின் கீழறையில் தீயணைப்பு வாயு உண்டு. 747 சரக்கு விமானத்தின் மேல்தளம் கல்யாண மண்டபம் அளவு; அதை நிரப்ப எவ்வளவு வாயுவை ஏற்றுவது? அதனால் அங்கே ஆயுதமே காற்றை எடுத்துவிடுவதுதான். சரக்குத் தளத்துக்குப் போகும் காற்றை நிறுத்து, வால்வைத் திற, உள்ளே இருக்கும் அழுத்தத்தை வெளியே விடு, 25,000 அடி உயரத்தில் பற. மெல்லிய காற்றில் தீ மூச்சுமுட்டி அடங்கும் என்பது நம்பிக்கை. அந்த உயரத்தில் முகமூடி இல்லாத மனிதனுக்கு மூன்று முதல் ஐந்து நிமிடம் வரைதான் சுயநினைவு. ஆக, பெட்டிக்குச் சும்மா கொடுத்து வைத்திருந்த காற்றை எடுக்கும்போது, முன்னால் இருக்கும் இரண்டு பேருடைய காற்றும் சேர்ந்தே போகிறது. அவர்களுக்கு மிஞ்சுவது முகமூடியும் அதற்குப் பின்னால் இருக்கும் சிலிண்டரும்.

2010 செப்டம்பர் 3 அன்று துபாயிலிருந்து ஜெர்மனியின் கொலோன் நகருக்குக் கிளம்பிய, யூபிஎஸ் என்ற கூரியர் கம்பெனியின் 6-ம் எண் விமானத்தில் இதுதான் நடந்தது. 747-400 சரக்கு விமானம், உள்ளே லித்தியம் பேட்டரிகளும் இருந்தன. கிளம்பி 22 நிமிடத்தில், பஹ்ரைன் பக்கம், மேல்தளத்தில் தீ என்று மணி அடித்தது. தோஹா பக்கத்தில் இருந்தும் கேப்டன் துபாய்க்கே திரும்ப முடிவெடுத்தார். முகமூடி மாட்டினார்கள், அழுத்தத்தை இறக்கினார்கள், விதிப்படி எல்லாம் செய்தார்கள். தீ அடங்கவில்லை. காக்பிட்டில் காற்றழுத்தம் சற்றுக் கூடுதலாக இருந்தால்தான் பின்னாலிருந்து புகை வராமல் தள்ளிப் பிடிக்கும். அந்தக் காற்றைத் தர வேண்டிய கருவியும் நின்றுபோனது. புகையில் மீட்டர் எதுவும் தெரியவில்லை. கொஞ்ச நேரத்தில் கேப்டனின் முகமூடிக்கு வரும் ஆக்ஸிஜனும் நின்றது. வேறு சிலிண்டர் தேடி எழுந்து போனவர் திரும்பி வரவில்லை. துணை விமானி தனியாக, ரேடியோவில் அலைவரிசை மாற்றக்கூடக் கண் தெரியாமல், பக்கத்தில் பறந்த மற்ற விமானங்கள் வழியாகத் துபாய்க்குத் தகவல் சொல்லிச் சொல்லி ஓட்டினார். ஓடுபாதைக்கு மேலேயே, ஆனால் ரொம்ப உயரத்தில், வேகமாகக் கடந்துபோய்க் கொஞ்ச தூரத்தில் விழுந்தது.

பேட்டரிக்கும் ரோம்பருக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்கலாம். நம் பெட்டிக்கு அடுத்த பேலட்டில் என்ன இருக்கிறது என்று நமக்குத் தெரியாது, அதுதான் சம்பந்தம். 'ஏர்ல போட்டுருங்க' என்று போனில் எத்தனை முறை சொல்லியிருக்கிறேன். கிலோவுக்கு எவ்வளவு என்பதைத் தவிர வேறு எதுவும் அந்த வார்த்தைக்குள் இருப்பதாக எனக்குத் தோன்றியதே இல்லை.

அடுத்த ஆர்டருக்குக் கவர் வந்த அன்று பேக்கிங் டேபிள் பக்கம் நின்று இதையெல்லாம் அண்ணனிடம் சொன்னேன். பாய்லர் கதைக்குத் தலையாட்டினார். தரை கதைக்கு உச்சுக் கொட்டினார். தீ கதை வந்தபோது கையில் இருந்த டேப் கட்டரைக் கீழே வைத்துவிட்டார்.

"அப்பப் பொட்டிக்குன்னு குடுத்த காத்து இல்லீங்க அது," என்றார். "அவிங்க ரெண்டு பேரு வீட்ல பொட்டி குடியிருக்குது."

பிறகு புதுக் கவர் ஒன்றை எடுத்தார். குழந்தைகள் முகத்தில் மாட்டிக்கொள்ளக் கூடாது என்று அச்சடித்த வாசகத்துக்குக் கீழே, ஐந்து மில்லிமீட்டரில் இரண்டு ஓட்டை. ரோம்பரை உள்ளே நுழைத்து மடிப்பை ஒட்டி, ஓட்டைக்கு நேராக உள்ளங்கையைப் பிடித்துக்கொண்டு கவரை மெதுவாக அமுக்கினார். காற்று கையில் படும் வரை அமுக்கிப் பார்த்துவிட்டு, ஓட்டை பத்தாது, இன்னும் ரெண்டு போடச் சொல்லுங்க என்றார்.